இரண்டு முறை கழற்றிய முன் ஆக்சில்

வலது முன் டயரின் உட்பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு. விரலால் தொட்டால் பிசுபிசுக்கிறது. முகர்ந்து பார்த்தால் லேசான கந்தக நெடி. பிரேக் ஆயிலுக்கு இந்த வாசனை கிடையாது, இன்ஜின் ஆயில் அந்த மூலைக்கு வர வழியே இல்லை. கியர் ஆயில்தான். ஆக்சிலின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்குள் இருக்க வேண்டியது டயருக்கு வந்திருக்கிறது.

இதில் கோபப்பட என்ன இருக்கிறது, பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் வேறு. எட்டு மாதம் முன்புதான் இதே சக்கரத்தைக் கழற்றி, இரண்டு நாள் தரையில் உருண்டு, புது ஆயில் சீல் போட்டு மூடியிருந்தேன். அதனால் முதலில் சீலைத் திட்டினேன். மட்டமான ரப்பர், போலிச் சரக்கு, இந்தக் காலத்தில் எதுவுமே உருப்படியாக வருவதில்லை என்று ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பினேன். சீல் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தது அதற்கு அப்புறம்.

விஷயத்துக்குப் போகும் முன் அந்த ஆக்சிலுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பின் ஆக்சிலின் பிழைப்பு எளிது. உள்ளே ஒரு நேர்த்தண்டு, அதன் முனையில் சக்கரம், சுற்றினால் போதும். முன் ஆக்சில் சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நிலையிலும் இன்ஜினின் சக்தி தடங்கல் இல்லாமல் சக்கரத்துக்குப் போக வேண்டும். சாதாரண சிலுவை ஜாயிண்டை வைத்து இதைச் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஜாயிண்ட் மடங்கிய நிலையில் சீராகச் சுற்றாது. 30 டிகிரி மடங்கியிருந்தால், உள்தண்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளித்தண்டின் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீலில் போட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சில வண்டிகளில் கையில் ஒரு குலுங்கல் தெரியுமே, அதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மாற்றாக 1926-இல் ஆல்ஃபிரட் ஷெப்பா என்பவர் கண்டுபிடித்த ஜாயிண்டில் ஆறு எஃகுக் குண்டுகள் உண்டு. ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு நட்சத்திரம், இரண்டிலும் வளைந்த தடங்கள், தடங்களுக்கு இடையே குண்டுகள், குண்டுகளைப் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. எவ்வளவு மடங்கினாலும் குண்டுகள் ஆறும் கோணத்தின் சரிபாதித் தளத்திலேயே நிற்கும். அதனால் உள்ளே என்ன வேகமோ வெளியேயும் அதே வேகம். இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகளில் இந்த ஜாயிண்டும் வந்தது, பெண்டிக்ஸ்-வைஸ், டிராக்டா என்று வேறு வகைகளும் வந்தன. பின்னாளில் பிரிட்டனில் இதைச் செம்மைப்படுத்திச் செய்த நிறுவனத்தின் பெயரால் ‘பர்ஃபீல்டு’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். 1959-இல் வந்த மினி காரின் முன்சக்கரங்களுக்கு ஓட்டம் கொடுத்ததும் இதுதான்.

என் வண்டியில் இந்த ஜாயிண்ட் திறந்து கிடக்காது. ஆக்சில் குழாயின் முனையில் பெரிய எஃகுப் பந்து ஒன்று இருக்கிறது, உள்ளே குடைந்தது. அந்தப் பந்தை மேலும் கீழும் இரண்டு டேப்பர் பேரிங்குகளால் கவ்விக்கொண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற உறை திரும்புகிறது. பர்ஃபீல்டு பந்துக்கும் நக்கிளுக்கும் நடுவே, கிரீஸ் நிரம்பிய அறையில் உட்கார்ந்திருக்கும். பழைய லேண்ட் க்ரூசர், நிசான் பேட்ரோல், சுசுகியின் சிறிய ஜீப்புகள், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் எல்லாமே இந்தக் குடும்பம்தான். வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தால் பந்து பளபளவென்று தெரியும். அதன் பின்பக்கம் ஃபெல்ட், ரப்பர் வளையம், தகடு என்று அடுக்கடுக்காக ஒரு வைப்பர் இருக்கும். சேறு உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை, ஆயிலைத் தடுப்பது அதன் வேலையில்லை. ஆயிலைத் தடுப்பது குழாய்க்குள்ளே, பந்தை ஒட்டி இருக்கும் உள் சீல். அது ஒன்றுதான் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் நக்கிளின் கிரீஸையும் பிரித்து வைக்கிறது. அது போனால் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துக் கருங்குழம்பாக்கும். குழம்பு வைப்பரைத் தாண்டி வழிந்து டயருக்கு வரும். பிரேக்குக்கு வந்துவிட்டால் ஆபத்து.

முதல் முறை கழற்றியபோது என்னுடன் இருந்தவன் அண்ணன் மகன். அப்போது அவனுக்குப் பதினாலு வயது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதும் டார்ச் பிடிப்பதும் அவன் பொறுப்பு. சக்கரம் பூட்டும் ஹப்பைக் கழற்றி, அது சுற்றும் குழல் போன்ற ஸ்பிண்டிலை எடுத்து, தண்டை உருவி, நக்கிளின் மேல் மூடியையும் கீழ் மூடியையும் திறந்தோம். மூடிகளுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருந்தன. அவற்றை எடுத்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டேன்.

“சித்தப்பா, எது மேல இருந்துச்சு, எது கீழ இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

“எல்லாம் ஒரே தகடுதாண்டா. மொத்தம் சரியா இருந்தா போதும்.”

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. பழைய பேரிங்குகளைத் துடைத்து, கிரீஸ் வைத்து, அப்படியே திருப்பிப் போட்டேன். பார்க்க நன்றாகத்தானே இருக்கின்றன என்ற நினைப்பு. எல்லாம் மாட்டி, சக்கரம் ஏற்றி, ஜாக்கியை இறக்கிய பிறகு தட்டைக் கழுவ எடுத்தால் அதன் மூலையில் கிரீஸில் ஒட்டியபடி ஒரு ஷிம் கிடந்தது. 0.2 மில்லிமீட்டர். அதற்காக மறுபடியும் அத்தனையையும் கழற்ற மனம் வரவில்லை. சாமான் டப்பாவில் போட்டு மூடினேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லவில்லை.

வண்டியை ஓட்டிப் பார்த்தபோது ஸ்டியரிங் முன்பைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புதுக் கிரீஸ், போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் முறை கசிவைப் பார்த்ததும் முதலில் வந்த யோசனை, முழு ஆக்சிலையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டிவிடலாம் என்பதுதான். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து நல்ல ஆக்சில் ஒன்று கிடைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். நானும் ஒரு வாரம் அதே நினைப்பில் இருந்தேன். உட்கார்ந்து எழுதிப் பார்த்ததும் தலைவலி போய்த் திருகுவலி வரும் போலிருந்தது.

முதல் கேள்வி, டிஃபரன்ஷியலுக்குள் ஓட்டத்தைக் கொண்டுபோகும் சின்னப் பல்சக்கரமான பினியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் வெளியீடு இடப்பக்கம் இருந்தால் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் குடமும் இடப்பக்கம் இருக்க வேண்டும். மாறி இருந்தால் இரண்டையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் குறுக்கே கோணலாக ஓடும், நாள் தாங்காது. அடுத்தது அகலம். ஹப்பின் முகத்திலிருந்து முகம் வரை எவ்வளவு, ஸ்பிரிங் உட்காரும் மேடைகளுக்கு இடையே எவ்வளவு, இரண்டையும் அளக்க வேண்டும். அப்புறம் கியர் விகிதம், பலர் கோட்டை விடும் இடம். பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 37 பல், பினியனில் 9 பல் என்றால் 4.11. 41-க்கு 11 என்றால் 3.73. முன்னால் ஒன்றும் பின்னால் வேறொன்றும் இருந்தால் டூ வீலில் ஓடும்வரை எதுவும் தெரியாது. ஃபோர் வீலில் போட்ட கணமே முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டத் தொடங்கும். மணலிலோ சேற்றிலோ டயர் வழுக்கி அதைச் சமாளித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லை; டயர் தேயும், இல்லாவிட்டால் உள்ளே எங்காவது ஒரு பல் உடையும்.

இதற்கெல்லாம் மேலே காஸ்டர் கோணம் இருக்கிறது. நக்கிள் திரும்பும் அச்சு செங்குத்தாக நிற்காது, மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போலத்தான். அந்தச் சாய்வால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறது. வேறு வண்டியின் ஆக்சிலில் ஸ்பிரிங் மேடை வேறு கோணத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை வெட்டித் திருப்பிப் பற்றவைத்தால் பினியனின் மூக்கும் கூடவே திரும்பும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. குழாய் வளைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். எனவே அதை முதலில் பார்த்தேன். தண்டு உருவும்போது வழுக்கிக்கொண்டு வந்தால் நல்ல அறிகுறி, முக்கி முனகி வந்தால் சந்தேகம். டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருக்கிறதா, குழாயில் டிஃபரன்ஷியலை ஒட்டிய இடத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா, அங்கே மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். குழாய் நேர். கிரவுன்-பினியன் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருந்தது. பல்லின் முகத்தில் குழியும் இல்லை, சில்லும் இல்லை. இந்த இரண்டும் நன்றாக இருக்கும்போது ஆக்சிலை மாற்றுவது வீண் வேலை. மீதி எல்லாமே தேயும் பொருள்கள், கழற்றி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை.

கிரவுன்-பினியன் பற்றி இடையில் ஒரு விஷயம். ஒரே அமைப்பிலுள்ள டிஃபரன்ஷியலை முன்னாலும் பின்னாலும் போட்டால், முன்னால் இருப்பது திரும்பி நிற்கும். வண்டி முன்னோக்கிப் போகும்போது பின் ஆக்சிலில் பல்லின் வலுவான முகம் தள்ளுகிறது. முன் ஆக்சிலில் அதே வேலையைப் பல்லின் மறுமுகம், ஆக்ஸிலரேட்டரை விட்டால் மட்டும் பாரம் வாங்க வேண்டிய முகம், செய்கிறது. முன் டிஃபரன்ஷியலுக்கென்றே பல்லைத் தலைகீழாக வெட்டி, பினியனை மேலே வைத்துச் செய்வது இதற்காகத்தான். அந்த வசதி இல்லாத முன் ஆக்சிலோடு பாறையில் ஏறும்போது காலில் கொஞ்சம் மென்மை வேண்டும்.

சரி, கழற்றிய கதைக்கு வருகிறேன். இந்த முறை இரண்டு பக்கமும். அண்ணன் மகன் முன்கூட்டியே தயாராக வந்திருந்தான்: கையில் ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பை, ஒரு மார்க்கர். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

வலது நக்கிளைத் திறந்ததும் குழம்பு கொட்டியது. தட்டு நிரம்பி வழிந்தது. மாலிப்டினம் கிரீஸின் சாம்பல் கறுப்பு ஆயிலில் கரைந்து, பார்க்க ஈயம் உருகி ஓடுவது போல இருந்தது. உள் சீலைக் கொக்கி போட்டு இழுத்தெடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அங்கேதான் என் ஒரு வாரப் புலம்பல் நின்றது.

சீலின் உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. கத்தியால் சீவியது போல, பிறை வடிவில். எதிர்ப்பக்கத்தில் உதடு புதிதாகவே இருந்தது, தண்டு அங்கே பட்ட அடையாளம்கூட இல்லை. எடுக்கும் முன் சீலின் மேல்புறத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தேன். தேய்ந்த பிறை அந்தப் புள்ளிக்கு நேராக இருந்தது. மேல்புறம்! தண்டின் எடையால் தேய்ந்திருந்தால் கீழ்ப்புறம் அல்லவா தேய வேண்டும்? ஏதோ ஒன்று தண்டின் வெளிமுனையை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. மேல் உதடு நசுங்க, கீழே இடைவெளி விழ, அந்த வழியாக ஆயில் போயிருக்கிறது.

இடப்பக்கச் சீலையும் எடுத்தோம். அதை நான் முதல் முறை தொடவே இல்லை. யார் எப்போது போட்டதோ, ரப்பர் கல் போல இறுகியிருந்தது. ஆனால் உதடு சுற்றிலும் ஒரே அளவில் தேய்ந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதற்குமேல் யாரும் எதுவும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஷிம்மின் கணக்கு இதுதான். மேல் மூடியிலும் கீழ் மூடியிலும் இருக்கும் முளைகள்தான் பந்தின் பேரிங்குகளில் உட்காருகின்றன. மூடிக்கும் நக்கிளுக்கும் நடுவே ஷிம் கூடினால் முளை வெளியே விலகும். பேரிங்கின் இறுக்கம் குறையும். ஷிம் குறைந்தால் இறுக்கம் கூடும். எனவே மேலும் கீழும் சேர்ந்த மொத்தத் தடிமன் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. அந்த மொத்தத்தை மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பிரிப்பது நக்கிளின் உயரத்தைத் தீர்மானிக்கிறது. மேலிருந்து ஒரு தகட்டை எடுத்துக் கீழே வைத்தால் இறுக்கம் மாறாது, ஆனால் நக்கிள் முழுவதும் அந்தத் தகட்டின் அளவுக்கு மேலேறிவிடும். நக்கிளில்தான் ஸ்பிண்டில் பூட்டியிருக்கிறது, ஸ்பிண்டிலுக்குள்தான் தண்டின் வெளிமுனை ஓடுகிறது. நக்கிள் ஏறினால் தண்டும் ஏறும். தண்டு ஏறினால் சீல் ஒரு பக்கமாக நசுங்கும்.

வலது நக்கிளில் மேலே 0.1 இருந்தது, கீழே ஒரு 0.5-ம் ஒரு 0.2-ம். டப்பாவில் கிடந்த அந்த 0.2-ஐத் தேடி எடுத்தேன். மொத்தத்தில் ஒன்று குறைவு, அதனால் ஸ்டியரிங் இறுகியது. இருந்ததில் பெரும்பகுதி கீழே, அதனால் சீல் செத்தது. “மொத்தம் சரியா இருந்தா போதும்” என்று சொன்னவனுக்கு மொத்தமும் சரியில்லை, பிரித்ததும் சரியில்லை.

பேரிங்குகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். உருளைகள் ஓடும் வளையமான ரேஸைத் துடைத்து விரல் நகத்தால் வருடினால் டிக், டிக், டிக் என்று வரிவரியாகத் தட்டியது. உருளைகள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் ஒரு பள்ளம் பதித்திருந்தது. சக்கர பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கும் நிலையாக நிற்காது. நக்கிள் பேரிங் வாழ்நாளில் பெரும்பகுதி நேர்ப்பாதையில் ஒரே இடத்தில் நின்று அடி வாங்குகிறது. அந்த அடிகள்தான் பள்ளம். பள்ளம் விழுந்த பிறகு ஸ்டியரிங்கை நடுவிலிருந்து திருப்பும்போது ஒரு படியில் ஏறி இறங்குவது போலத் தோன்றும். முதல் முறை இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கின்றன என்றேன். நகத்தால் பார்த்திருக்க வேண்டும்.

கழுவுவதற்கே ஒரு முழு நாள் போனது. எழுத ஒன்றுமில்லை, டீசலும் பிரஷும் துணியும்தான். பிரேக் பக்கத்துத் தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய வண்டிகளின் பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பர்ஃபீல்டைக் கழற்றும் முறை பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். தண்டையும் கிண்ணத்தையும் பிடித்து வைத்திருப்பது உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சிறு கிளிப். ஒரு தடித்த இரும்புக் குழாயை நிறுத்தி, தண்டை அதற்குள் விட்டு, கிண்ணத்தைக் கையில் பிடித்துத் தூக்கிக் கீழே குத்த வேண்டும். கிண்ணத்துக்குள்ளிருக்கும் நட்சத்திரம் குழாயின் விளிம்பில் மோத, நாலாவது ஐந்தாவது குத்தில் தண்டு கழன்று விழும். உள்ளே குண்டுகள் ஓடும் தடங்களைப் பார்த்தேன். முன்னோக்கி ஓடும்போது பாரம் வாங்கும் பக்கத்தில் மட்டும் மழுங்கிய பளபளப்பு, மறுபக்கம் ஏறக்குறைய புதிது. குழியோ வெடிப்போ இல்லை. இந்த நிலையில் பழைய ஆட்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு: இடது கிண்ணத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுவது. அப்போது தேயாத முகத்துக்குப் பாரம் போகும். தண்டுகளின் நீளம் வேறு வேறு, அவற்றை மாற்ற முடியாது, கிண்ணங்களை மாற்றலாம். அதைத்தான் செய்தேன். தடத்தில் குழி விழுந்திருந்தால் இந்தத் தந்திரம் உதவாது, புதிதுதான் வாங்க வேண்டும். ஃபோர் வீலில் முழுக்க ஒடித்து நகரும்போது டக், டக் என்று சத்தம் கேட்கும் வண்டிகள் அந்த ரகம்.

புது பேரிங் ரேஸ்களைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி இறக்கினோம். எஃகு வைத்துத் தட்டக்கூடாது, ரேஸ் சில்லு விட்டுவிடும். எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்வரை சத்தம் மந்தமாக, தொப் தொப் என்று இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் அதே அடி கணீரென்று ஒலிக்கும், கையிலும் ஓர் உதறல் தெரியும். அந்த ஒலி மாற்றத்தை அண்ணன் மகன்தான் முதலில் பிடித்தான். நாலு ரேஸில் மூன்றை அவனே இறக்கினான்.

அடுத்து அளவு பார்ப்பது. தண்டு, சீல், வைப்பர் எதுவும் இல்லாமல், பேரிங்கும் மூடியும் மட்டும் போட்டு நக்கிளை மாட்டினோம். வைப்பர் இருந்தால் அதன் உராய்வும் கணக்கில் சேர்ந்து நம்மை ஏமாற்றும். டை ராட் மாட்டும் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, நேர்க்கோணத்தில் இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மீன் நிறுக்கும் தராசே போதும். முதலில் நாலு தகட்டையும் போட்டோம். கையேட்டில் சொன்ன இரண்டு எண்களுக்கு நடுவில் முள் நின்றது. மொத்தம் 1.0 மில்லிமீட்டர். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

மையம் பார்க்கத் தயாரிப்பாளர்களிடம் தனிக் கருவி உண்டு. பேரிங்குகளின் இடத்தில் ஒரு கம்பியை நிறுத்தி, ஸ்பிண்டில் ஓட்டை வழியாக இன்னொரு கம்பியை விட்டு, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று கோடு போட்டுப் பார்ப்பார்கள். என்னிடம் அது இல்லை. லேத்தில் ஒரு துண்டு கடைந்து வாங்கினேன்: ஸ்பிண்டிலுக்குள் ஆட்டமில்லாமல் நுழையும் ஒரு கோல், அதன் முனை பழைய சீல் இருந்த இடம்வரை நீளும். கோலின் முனையிலிருந்து சீல் குழியின் சுவருக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்தால் போதும். இரண்டும் சமமாக இருந்தால் மையம். மேலே 0.1, கீழே 0.7 என்று நான் போட்டிருந்த பழைய பிரிவினையையும் ஒருமுறை வைத்துப் பார்த்தோம், எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொள்ளத்தான். கோல் மையத்திலிருந்து ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் மேலே நின்றது. நாலைந்து தாள்களின் தடிமன். அவ்வளவுதான், ஒரு சீலைக் கொல்ல அது போதும்.

மேலே 0.5, 0.1. கீழே 0.2, 0.2. கோல் நடுவில் நின்றது. முதல் முறை தட்டில் கிடந்த அதே நாலு தகடுகள்.

மீதி வேலையெல்லாம் மளமளவென்று போனது. உள் சீலைக் கோணாமல் இறக்கி, உதட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, தண்டை விடும்போது அதன் பற்கள் உதட்டைக் கிழிக்காதபடி கையால் தாங்கிக்கொண்டே விட்டோம். இந்த ஒரு இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வது நல்லது. புது சீலைப் போட்ட நிமிடமே கிழித்தவர்கள் நிறையப் பேர். பர்ஃபீல்டுக்குள் மாலிப்டினம் கிரீஸை விரலால் அமுக்கி அமுக்கி நிரப்பி, நக்கிள் அறையில் முக்கால் அளவு வைத்தோம். சக்கர பேரிங்குக்கு அதற்குரிய சாதாரண பேரிங் கிரீஸ். ஹப் நட்டை இறுக்கி, ஹப்பை முன்னும் பின்னும் சுற்றி, தளர்த்தி, மறுபடி அளவோடு இறுக்கி, பூட்டு வாஷரின் காதை மடக்கினோம். அந்த நட்டுக்கு உரிய பெரிய சாக்கெட்டை வாங்கிவிடுங்கள். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டித் தட்டி முனை சிதைந்த நட்டுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கடைசியில் ப்ரீதர். ஆக்சில் குழாயின் தலையில் விரல்நுனி அளவில் ஒரு சின்ன மூடி. ஓடும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரிந்தால் வெளியே விடுவது அதன் வேலை. சேறு அடைத்துக்கொண்டால் விரிந்த காற்றுக்கு வழி சீல்கள்தான். ஆயிலையும் தள்ளிக்கொண்டு வரும். சூடான ஆக்சில் சட்டென்று ஓடைத் தண்ணீருக்குள் இறங்கினால் நேர்மாறாக நடக்கும்: உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயிலைத் திறந்து பார்க்கும்போது அது பால் கலந்த நிறத்தில் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. என்னுடைய ப்ரீதரை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காற்று போகவே இல்லை. சீல் செத்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் பிறையின் பழியை இதன் மேல் போட முடியாது. புதிது போட்டு, ஒரு ரப்பர் குழாய் இணைத்து, இன்ஜின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாதத்துக்கு ஒருமுறையாவது, முன்சக்கரம் தண்டோடு சேர்ந்துகொள்ளும்படி ஹப்பைப் பூட்டி, மண்பாதையில் ஃபோர் வீலில் சில கிலோமீட்டர் ஓட்டுகிறேன்; டூ வீலில் ஹப்பைத் திறந்துவிட்டு ஓட்டும்போது முன் தண்டும் டிஃபரன்ஷியலும் சுற்றாமல் நிற்பதால், ஆயில் மேலேறாமல் அடியிலேயே தங்கிவிடும். போன வாரம் அடியில் படுத்துப் பந்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். மெல்லிய படலம், ஒட்டுகிறது, வழியவில்லை. பந்து அப்படித்தான் இருக்க வேண்டும். துடைத்து வைத்தது போல முற்றிலும் காய்ந்திருந்தாலும் துருப் பிடித்துவிடும். டயரின் உட்பக்கத்தில் தூசி மட்டும்தான்.

சாமான் டப்பாவின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் அண்ணன் மகனின் கையெழுத்து, மார்க்கரில்: ‘வலது மேல் 0.6, கீழ் 0.4. இடது மேல் 0.5, கீழ் 0.5.’ அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்: ‘மீதி ஷிம் 0.’